உடல் நிறையைச் சீராகப் பேணுதல்: உணவும் வீட்டுப் பயிற்சியும்

க.பொ.த. (சாதாரண தரம்)
சுகாதாரமும் உடற்கல்வியும்

இப்பாடத்தைக் கற்பதன் மூலம் நீங்கள்,
• உடற்திணிவுச் சுட்டியைக் கணித்து அதன் பொருளை விளக்குவீர்கள்.
• சக்திச் சமநிலை என்பதை எடுத்துக்காட்டுடன் விபரிப்பீர்கள்.
• யாழ்ப்பாணத்து அன்றாட உணவில் செய்யக்கூடிய மாற்றங்களைக் குறிப்பிடுவீர்கள்.
• வீட்டிலேயே செய்யத்தக்க உடற்பயிற்சித் திட்டமொன்றைத் தயாரிப்பீர்கள்.
• வளரிளம் பருவத்தினர் நிறை குறைப்பில் தவிர்க்க வேண்டியவற்றை அறிவீர்கள்.

மாணவர்களே!

இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் அம்மாவோ, அப்பாவோ, அம்மம்மாவோ நீரிழிவுக்கு அல்லது உயர் குருதியமுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். நீங்களும் காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் மேசை என்று நாளின் பெரும்பகுதியை இருந்தபடியே கழிக்கிறீர்கள். எனவே இங்கு கற்பவை வினாத்தாளுக்கும் உதவும், வீட்டுக்கும் உதவும்.

1. நிறை ஏன் கூடுகிறது? – யாழ்ப்பாணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்

நாம் உண்ணும் உணவிலிருந்து உடலுக்குச் சக்தி கிடைக்கிறது. அச்சக்தி மூன்று வழிகளில் செலவாகிறது.

(அ) அடிப்படை அனுசேபம் – இதயம் துடித்தல், சுவாசித்தல், உடல் வெப்பநிலையைப் பேணல் போன்றவற்றுக்கு ஓய்வு நிலையிலும் செலவாகும் சக்தி. பெரும்பாலானோரின் சக்திச் செலவில் இதுவே பெரிய பங்காகும்.
(ஆ) உணவைச் சமிபாடடையச் செய்வதற்குச் செலவாகும் சக்தி.
(இ) உடலியக்கத்துக்குச் செலவாகும் சக்தி.

உள்ளெடுக்கும் சக்தியும் செலவாகும் சக்தியும் சமமாயின் நிறை மாறாது. இதுவே சக்திச் சமநிலை எனப்படும். உள்ளெடுப்பது தொடர்ந்து அதிகமாயின் மிகுதி கொழுப்பாக மாறிக் கொழுப்பிழையத்தில் சேமிக்கப்படும். செலவு அதிகமாயின் சேமிப்புக் கரையும்.

மேற்கூறிய மூன்றில் நாம் விரும்பி அதிகம் மாற்றக்கூடியது மூன்றாவதாகிய உடலியக்கமே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடந்த சில தலைமுறைகளில் மாறியதும் அதுவே.

துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று பட்டையைக் கவிழ்ப்பார். பின்னர் அவ்விடத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. உரலும் உலக்கையும் இருந்த இடத்துக்கு அரைக்கும் ஆலை வந்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்துக்கு மின் அரைப்பான் வந்தது.

1990 ஆம் ஆண்டின் பின்னர் போர்க்காலத் தடைகளால் எரிபொருள் கிடைக்காதபோது, குடாநாட்டின் பிரதான வாகனம் சைக்கிளே. ஆசிரியரும் அலுவலரும் மாணவரும் வியாபாரியும் அதிலேயே பல மைல் சென்றனர். அக்காலத்தில் உணவுத் தட்டுப்பாடும் போசாக்கின்மையும் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. 2009 இல் போர் முடிந்து பாதைகள் திறந்தபின் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீதிகளை நிறைத்தன. அத்துடன் பொதி செய்த உணவுகளும் இனிப்புப் பானங்களும் குக்கிராமக் கடை வரை வந்து சேர்ந்தன. 2022 இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் மீண்டும் சைக்கிளை எடுத்தனர். பெற்றோல் கிடைத்ததும் பலர் அதனை மீண்டும் சுவரில் சாத்திவிட்டனர்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? தோட்டத்தில் உழைத்தவருக்கு அளவாக இருந்த அதே பிட்டும் அதே சோறும், கதிரையில் இருந்து வேலை செய்பவருக்கு மிகையாகிவிடுகின்றன. கோப்பை மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது. வசதிகள் வந்தது தவறன்று. வாழ்க்கையிலிருந்து போன உழைப்புக்கு ஈடாக உடற்பயிற்சியைத் திட்டமிட்டுச் சேர்க்காததே குறையாகும்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. 2015 இல் இலங்கையில் 18 முதல் 69 வயது வரையானோரிடம் நடத்தப்பட்ட தொற்றா நோய் ஆபத்துக் காரணிகள் பற்றிய தேசிய ஆய்வில், ஏறத்தாழ 29 சதவீதமானோரின் உடற்திணிவுச் சுட்டி 25 அல்லது அதற்கு மேல் காணப்பட்டது. ஆண்களை விடப் பெண்களிடையே இவ்வீதம் அதிகமாகும். நாளொன்றுக்குப் போதியளவு மரக்கறியும் பழமும் உண்ணாதோர் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் இருந்தனர்.

2. உடற்திணிவுச் சுட்டி (உ.தி.சு.)

ஒருவரின் உயரத்துக்கேற்ற நிறை உள்ளதா என அறியப் பயன்படும் எளிய அளவீடு இதுவாகும். இதன் அடிப்படையை 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெற்லே என்ற கணிதவியலாளர் உருவாக்கினார்.

உ.தி.சு. = நிறை (கிலோகிராம்) ÷ [உயரம் (மீற்றர்) × உயரம் (மீற்றர்)]

வளர்ந்தோருக்கான பொது வகுப்பு:
18.5 இலும் குறைவு – குறைநிறை
18.5 – 24.9 – தகுந்த நிறை
25.0 – 29.9 – மிகைநிறை
30.0 உம் அதற்கு மேலும் – உடற்பருமன்

ஆசிய நாட்டவருக்குக் குறைந்த சுட்டியிலேயே நீரிழிவும் இதய நோயும் ஏற்படும் ஆபத்து அதிகரிப்பதால், 23 ஐத் தாண்டும்போதே அவர்கள் கவனம் செலுத்த வேண்டும் என 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு எடுத்துக்காட்டியது. நம்மவர்களுக்கு இது மிக முக்கியமான எண்ணாகும்.

கணிப்பு உதாரணம்:
40 வயதுத் தாய் ஒருவரின் உயரம் 1.60 மீற்றர், நிறை 64 கிலோகிராம்.
உ.தி.சு. = 64 ÷ (1.60 × 1.60) = 64 ÷ 2.56 = 25.0
இவர் மிகைநிறை வகுப்பின் எல்லையில் உள்ளார்.
23 என்ற சுட்டிக்குரிய நிறை = 23 × 2.56 = 58.9, அதாவது ஏறத்தாழ 59 கிலோகிராம்.
ஆகவே இவர் ஏறத்தாழ 5 கிலோகிராம் குறைப்பது நன்று.

கவனிக்க: மேலுள்ள வகுப்பு வளர்ந்தோருக்கு மட்டுமே. 5 முதல் 19 வயது வரையானோருக்கு வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற உ.தி.சு. வரைபையே பயன்படுத்த வேண்டும். ஒரே சுட்டி 11 வயதில் அதிகமாகவும் 16 வயதில் தகுந்ததாகவும் இருக்கலாம். தரம் 10 இல் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உங்கள் உயரமும் நிறையும் அளவிடப்படுவது இதற்காகவே.

உ.தி.சு. கொழுப்பையும் தசையையும் வேறுபடுத்திக் காட்டாது. எனவே இடுப்புச் சுற்றளவும் அளக்கப்படும். ஆசியர்களுள் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருத்தல் நன்று. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிக தீங்கானது.

3. மிகைநிறையால் ஏற்படும் பாதிப்புகள்

சதையி சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள குளுக்கோசைக் கலங்கள் உள்ளெடுக்க உதவுகிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகும்போது கலங்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுசெய்ய முயலும். அது இயலாதபோது குருதியில் குளுக்கோசு மட்டம் உயர்ந்து இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும்.

இதனைவிட உயர் குருதியமுக்கம், முடியுரு இதய நோய், பாரிசவாதம், ஈரலில் கொழுப்புப் படிதல், முழங்கால் மூட்டுத் தேய்வு, சிலவகைப் புற்றுநோய்கள் ஆகியவற்றின் ஆபத்தும் அதிகரிக்கும். கேலிக்கு உள்ளாவதால் ஏற்படும் மன உளைச்சலையும் ஒரு பாதிப்பாகவே கொள்ள வேண்டும்.

நல்ல செய்தி யாதெனில், பெரிய அளவில் நிறை குறைய வேண்டியதில்லை. தற்போதைய நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மிகைநிறை உடையோரின் குருதியமுக்கமும் குருதிக் குளுக்கோசும் மேம்படும். 64 கிலோகிராம் உள்ள தாய்க்கு 5 சதவீதம் என்பது 3.2 கிலோகிராம் மட்டுமே.

சென்னை தரும் சான்று: நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரைக் கொண்டு வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு ஓர் ஆய்வை நடத்தி 2006 இல் முடிவை வெளியிட்டது. பொது அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 100 பேரில் 55 பேருக்கு நீரிழிவு ஏற்பட்டது. உணவு மாற்றமும் தினமும் விரைவான நடையும் கடைப்பிடிக்க வழிகாட்டப்பட்ட குழுவில் அது 39 ஆகக் குறைந்தது. இதில் சிறப்பு யாதெனில், இரண்டாவது குழுவினரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. தராசு முள் அசையாவிட்டாலும் நல்ல பழக்கம் உடலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது. எனவே ஒரு மாதத்தில் நிறை குறையவில்லை என்று பயிற்சியைக் கைவிடுதல் தவறாகும்.

4. உணவில் செய்யவேண்டிய மாற்றங்கள்

முதலில் போசணைகளின் சக்திப் பெறுமானத்தை நினைவில் வைத்திருங்கள்.
1 கிராம் காபோவைதரேற்று – 4 கிலோகலோரி
1 கிராம் புரதம் – 4 கிலோகலோரி
1 கிராம் கொழுப்பு – 9 கிலோகலோரி

(அ) தேநீரிலுள்ள சீனி
ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி எனின் மொத்தம் 50 கிராம், 200 கிலோகலோரி. 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் 2015 இல் விதித்த உச்ச எல்லை இதுவே. அதில் பாதியாகிய 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நன்று எனவும் அது கூறியது. அதாவது வேறெந்த இனிப்பும் உண்ணாமலே, தேநீரிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. சீனியை ஒரேயடியாக நிறுத்த முடியாதோர் இரண்டு வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைக்கலாம். நாக்கு பழகிவிடும்.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தால் நிறை கூடாது எனச் சிலர் எண்ணுகின்றனர். பனங்கட்டியில் சில கனியுப்புகள் இருப்பினும் அதன் பெரும்பகுதி சீனியே. சிறு துண்டு போதும்.

(ஆ) இனிப்புப் பானங்கள்
இலங்கையில் 2016 ஓகஸ்ட் 1 ஆம் திகதி முதல் இனிப்புப் பானங்களின் போத்தலில் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில்,
சிவப்பு – 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி
செம்மஞ்சள் – 2 முதல் 11 கிராம் வரை
பச்சை – 2 கிராமிலும் குறைவு

100 மில்லிலீற்றரில் 12 கிராம் சீனியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்தால் உடலில் சேருவது 48 கிராம், அதாவது ஏறத்தாழ 10 தேக்கரண்டி சீனி. பானம் வயிற்றை நிரப்பாது. ஆகையால் பின்னர் உண்ணும் உணவும் குறையாது. இளநீர், சீனி சேர்க்காத மோர், தேசிக்காய்த் தண்ணீர், வெறும் நீர் ஆகியன சிறந்த மாற்றீடுகள்.

(இ) எண்ணெயும் தேங்காயும்
ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 125 கிலோகலோரி தரும். வடை, றோல்ஸ், மிக்சர், பொரித்த அப்பளம், கொத்துரொட்டி போன்றவற்றில் நாம் காணாமலே பல கரண்டி எண்ணெய் உள்ளே போகிறது. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் பொரித்துக் குழம்பு வைப்பதற்குப் பதிலாக வதக்கியோ அவித்தோ சமைக்கலாம். சொதிக்கு முதற்பாலைத் தவிர்த்துத் தண்ணிப்பாலைப் பயன்படுத்தலாம். பிட்டுக்குப் போடும் தேங்காய்ப்பூவை அரைவாசியாகக் குறைக்கலாம். சுவை முற்றாகக் கெடாது.

(ஈ) கோப்பையைப் பிரித்தல்
உங்கள் சோற்றுக் கோப்பையை மனத்தால் நான்காகப் பிரியுங்கள். இரு பங்கு மரக்கறியும் கீரையும். ஒரு பங்கு சோறு, பிட்டு அல்லது இடியப்பம். மற்றைய பங்கு மீன், முட்டை, பருப்பு, பயறு, கடலை போன்ற புரத உணவு. நம் வீடுகளில் வழக்கமாக முக்கால் கோப்பை சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி மரக்கறியுமாக இருப்பதைக் காண்பீர்கள். இப்பிரிவை மாற்றுவதே மிகச் சிறந்த தொடக்கமாகும்.

இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. வேலியோரத்து முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முசுட்டை, பூசணி, புடலங்காய், பயற்றங்காய் ஆகியன நம் வளவிலும் சந்தையிலும் கிடைப்பவை. தீட்டிய வெள்ளை அரிசிக்குப் பதில் மொட்டைக்கறுப்பன் போன்ற தவிடு நீக்காத அரிசியையும், சில நாட்களில் குரக்கன், ஒடியல்மா ஆகியவற்றையும் சேர்த்தால் நார்ப்பொருள் அதிகம் கிடைக்கும். நார்ப்பொருள் உணவு மெதுவாகச் சமிபாடடையவும் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கவும் உதவும்.

ஆயினும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக் கொள்ளுங்கள். குரக்கன் மாவின் சக்திப் பெறுமானம் அரிசி மாவினதைவிடப் பெரிதும் குறைந்ததன்று. குரக்கன் பிட்டு நல்லது என்பதற்காக இரு மடங்கு உண்டால் நிறை கூடவே செய்யும். உணவின் தன்மையைப் போலவே அளவும் முக்கியம்.

(உ) நேரமும் முறையும்
• காலை உணவைத் தவிர்க்க வேண்டாம். தவிர்த்தோர் இடைவேளையில் பணிசும் பற்றிசும் வாங்கி அதிலும் அதிகம் உண்பதுண்டு.
• இரவுணவை நித்திரைக்கு இரண்டு மணித்தியாலம் முன்னதாக முடியுங்கள்.
• தொலைக்காட்சி, கைத்தொலைபேசி பார்த்தபடி உண்ண வேண்டாம். அளவு தெரியாமல் போகும்.
• மெதுவாக மென்று உண்ணுங்கள். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரியச் சற்று நேரம் எடுக்கும்.
• விரத நாளில் பகல் முழுவதும் பட்டினி இருந்து, மாலையில் பாயாசம், வடை, மோதகம் என மிகையாக உண்டால் உடலுக்கு நன்மை கிடையாது. அளவாகவே பாறணை செய்யுங்கள்.
• நாளுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்பே போதும். கருவாடு, ஊறுகாய், மிளகாய்ப் பொரியல் ஆகியவற்றில் உப்பு மறைந்திருப்பதைக் கவனியுங்கள்.

5. வீட்டில் செய்யும் உடற்பயிற்சி

5 முதல் 17 வயது வரையானோர் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் எனவும், வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் எனவும் உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பரிந்துரைத்தது. 60 நிமிடத்தையும் ஒரே தடவையில் செய்ய வேண்டியதில்லை.

60 கிலோகிராம் நிறையுள்ளவர் அரை மணித்தியாலம் விரைவாக நடந்தால் ஏறத்தாழ 125 கிலோகலோரி செலவாகும். மேலே பார்த்த ஒரு மேசைக்கரண்டி எண்ணெயின் சக்தியும் அதுவே! எனவே உடற்பயிற்சி செய்கிறேன் என்று கண்டபடி உண்ண முடியாது. அதேவேளை உணவை மட்டும் குறைத்தால் கொழுப்புடன் தசையும் குறையும். அடிப்படை அனுசேப வீதமும் தாழும். நிறை விரைவில் திரும்பி வரும். தசையைக் காப்பதும், குறைந்த நிறையைத் திரும்பவிடாது பேணுவதும் உடற்பயிற்சியின் சிறப்பான பணிகளாகும்.

வீதியில் நடக்கவோ ஓடவோ வசதியற்றோர், குறிப்பாகப் பெண்கள், வீட்டு விறாந்தையிலேயே பின்வரும் பயிற்சிகளைச் செய்யலாம். பாயொன்றும் கயிறொன்றும் போதும்.

(அ) உடலைச் சூடாக்கல் – 5 நிமிடம்
நின்ற இடத்தில் நடத்தல், தோள்களைச் சுழற்றல், இடுப்பைச் சுழற்றல்.

(ஆ) சுவாசத் தாங்குதிறன் பயிற்சி – 10 நிமிடம்
கயிறடித்தல் அல்லது வாசற்படியில் ஏறி இறங்கல். ஒரு நிமிடம் செய்து அரை நிமிடம் ஓய்வெடுக்கவும். மூட்டு நோவுள்ள பெரியோர் கயிறடித்தலைத் தவிர்த்து வளவுக்குள் விரைவாக நடக்கலாம்.

(இ) தசை வலிமைப் பயிற்சி – 10 நிமிடம்
• கதிரையில் இருந்து எழும்புவது போல முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிமிர்தல் – 10 தடவை
• சுவரில் கைகளை ஊன்றி உடலைச் சாய்த்துத் தள்ளுதல் – 10 தடவை. பழகிய பின் நிலத்தில் செய்யலாம்.
• மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்தல் – 10 தடவை
• முழங்கையும் கால்விரல்களும் நிலத்தில் ஊன்ற, உடலை நேராகத் தாங்குதல் – 15 செக்கன்
• நீர் நிரப்பிய 1.5 லீற்றர் போத்தலை ஒவ்வொரு கையாலும் தோள் மட்டத்துக்கு உயர்த்தல் – 10 தடவை. அதன் நிறை ஏறத்தாழ 1.5 கிலோகிராம்.
இத்தொகுதியை இரு முறை செய்யவும். இதனை ஒன்றுவிட்ட ஒரு நாள் செய்தல் போதும். தசைக்கு ஓய்வு தேவை.

(ஈ) உடலைத் தணித்தல் – 5 நிமிடம்
மெதுவாக நடந்து, தொடை, கெண்டைக்கால், தோள் ஆகியவற்றை நீட்டல். ஒவ்வொரு நிலையிலும் 15 முதல் 20 செக்கன் நிற்கவும். குலுக்கி இழுக்க வேண்டாம்.

செறிவை அறிதல்: உச்ச நாடித்துடிப்பு வீதம் ஏறத்தாழ 220 இலிருந்து வயதைக் கழிக்க வருவதாகும். 16 வயதினருக்கு 220 – 16 = 204. இதன் 60 முதல் 75 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 122 முதல் 153 துடிப்புகள் வரை பயிற்சியின்போது இருக்கலாம். எண்ண இயலாதோருக்கு எளிய வழி: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

பயிற்சி நேரம் தவிர, முற்றம் கூட்டல், கிணற்றில் நீர் அள்ளல், பூமரத்துக்கு நீர் விடல், கடைக்கும் வகுப்புக்கும் சைக்கிளில் செல்லல் யாவும் சக்திச் செலவுகளே. இவ்வேலைகளை அம்மாவிடமோ அக்காவிடமோ மட்டும் விடாது ஆண் பிள்ளைகளும் பங்கேற்றால் வீட்டுக்கும் உதவி, உடலுக்கும் பயிற்சி.

பாதுகாப்பு: நண்பகல் வெயிலில் பயிற்சி செய்ய வேண்டாம். உணவுண்டு இரண்டு மணித்தியாலம் கழித்தே கடும் பயிற்சி செய்யவும். நீர் அருந்தவும். ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு உடையோர் வைத்தியரின் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். நெஞ்சுநோ, தலைச்சுற்று, அளவுமீறிய மூச்சுத்திணறல் ஏற்படின் உடன் நிறுத்தி மருத்துவ உதவி பெறவும்.

6. திட்டமொன்றைக் கணித்தல்

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி சேமிக்கப்பட்டுள்ளது. முன்னர் பார்த்த தாய் நாளாந்தம் செய்யும் மாற்றங்களைக் கணிப்போம்.

ஐந்து தேநீரை மூன்றாக்கி, ஒரு தேக்கரண்டி சீனி வீதம் அருந்தல் (50 – 15 = 35 கிராம்) – 140 கிலோகலோரி
பொரியலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தல் – 125 கிலோகலோரி
இரவில் 100 கிராம் சோற்றைக் குறைத்து மரக்கறி சேர்த்தல் – 130 கிலோகலோரி
அரை மணித்தியால விரைவு நடை – 125 கிலோகலோரி
மொத்தம் – 520 கிலோகலோரி

வாரத்துக்கு 520 × 7 = 3640 கிலோகலோரி. இது ஏறத்தாழ அரைக் கிலோகிராம் கொழுப்புக்குச் சமன். மேலதிகமாக உண்ணும் மரக்கறியின் சக்தியும், நிறை குறையக் குறைய உடலின் சக்திச் செலவு குறைவதும் சேர்வதால், நடைமுறையில் இதனிலும் மெதுவாகவே குறையும். வாரத்துக்குக் கால் முதல் அரைக் கிலோகிராம் வரை குறைந்தால் அது நல்ல வேகம். இங்கு பட்டினி இல்லை, மாத்திரை இல்லை, விலையுயர்ந்த மா இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு சிறிய மாற்றங்கள் மட்டுமே.

7. வளரிளம் பருவத்தினர் கவனிக்க வேண்டியவை

நீங்கள் இன்னும் வளர்பவர்கள். ஆதலால் மேற்கண்ட கணிப்பை அப்படியே உங்களுக்குப் பொருத்தக்கூடாது. மிகைநிறையுள்ள பல மாணவர்களுக்கு, நிறை மேலும் கூடாமல் பேணுவதே போதுமானது. உயரம் வளர வளரச் சுட்டி தானாகக் குறையும். நிறையைக் குறைக்க வேண்டுமா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

• நேரத்துணவைத் தவிர்த்தல், ஒரேவகை உணவை மட்டும் உண்ணல், வாந்தியெடுத்தல், பேதி மருந்து குடித்தல் ஆகியன ஆபத்தானவை.
• மாதவிடாய் ஏற்படும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து அதிகம் தேவை. உணவைக் குறைத்தால் குருதிச்சோகை ஏற்பட்டு, படிப்பிலும் கவனம் சிதறும்.
• இரவிரவாக விழித்துப் படித்தல் பசியைத் தூண்டும். 8 மணித்தியால நித்திரை நிறைப் பேணலுக்கும் ஞாபகசக்திக்கும் உதவும்.
• விளம்பரங்களில் வரும் மெலிவு மருந்துகளை நம்ப வேண்டாம்.
• வகுப்பில் எவரையும் உடலை வைத்துப் பட்டப்பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். கேலி எவரையும் மெலியச் செய்வதில்லை. அது அவரை மைதானத்திலிருந்து விலக்கித் தனிமையில் உண்ணவே தூண்டும். விளையாட்டில் அவரையும் அணியில் சேர்த்துக்கொள்வதே நட்பு.

உங்கள் வீட்டில் 35 வயதைத் தாண்டியோர் இருப்பின் அவர்களை அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 2011 முதல் நாடெங்கும் அமைக்கப்பட்ட இந்நிலையங்களில் நிறை, குருதியமுக்கம், குருதிக் குளுக்கோசு ஆகியன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன.

நினைவிற் கொள்க
• உள்ளெடுக்கும் சக்தி = செலவாகும் சக்தி எனின் நிறை மாறாது.
• ஆசியருக்கு 23 என்ற சுட்டியே எச்சரிக்கை.
• கோப்பையில் பாதி மரக்கறி.
• உணவு மாற்றம் நிறையைக் குறைக்கும். பயிற்சி அதனைப் பேணும்.
• மெதுவாகக் குறைவதே நிலைக்கும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. 1.50 மீற்றர் உயரமும் 54 கிலோகிராம் நிறையும் உடைய வளர்ந்தவரின் உ.தி.சு.
(1) 22 (2) 23 (3) 24 (4) 36

2. 10 கிராம் கொழுப்பிலிருந்து கிடைக்கும் சக்தி (கிலோகலோரி)
(1) 40 (2) 70 (3) 90 (4) 170

3. 100 மில்லிலீற்றரில் 9 கிராம் சீனியுள்ள பானத்தின் போத்தலில் இருக்க வேண்டிய நிறம்
(1) பச்சை (2) செம்மஞ்சள் (3) சிவப்பு (4) நீலம்

4. உணவை மட்டும் குறைத்து, பயிற்சி செய்யாதவரில் நிகழக்கூடியது
(1) தசை அதிகரித்தல் (2) உயரம் கூடுதல் (3) அடிப்படை அனுசேப வீதம் குறைதல் (4) நெகிழ்தன்மை கூடுதல்

பகுதி II

5. தரம் 11 மாணவி ஒருத்தி காலையுணவைத் தவிர்த்து, இடைவேளையில் இனிப்புப் பானமும் றோல்சும் உண்கிறாள். பாடசாலைக்கும் வகுப்புக்கும் மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்லப்படுகிறாள். இரவு ஒரு மணி வரை படிக்கிறாள். ‘மெலிய வேண்டும்’ என்று தோழியிடம் கூறுகிறாள்.
(i) அவளது பழக்கங்களில் நிறை கூடுவதற்கு ஏதுவான நான்கைக் குறிப்பிடுக.
(ii) காலையுணவைத் தவிர்ப்பது ஏன் பயன்தராது? விளக்குக.
(iii) அவளது வீட்டில் கிடைக்கக்கூடிய பொருட்களைக் கொண்டு ஒரு நாளுக்கான உணவுப் பட்டியலைத் தயாரிக்குக.
(iv) அவள் வீட்டில் செய்யத்தக்க 30 நிமிடப் பயிற்சித் திட்டமொன்றை எழுதுக.

விடைகள்: 1 – (3), 2 – (3), 3 – (2), 4 – (3).

வினா 5 க்கு விடையெழுதும்போது: (i) இல் பழக்கத்தை மட்டும் எழுதாது, அது உள்ளெடுக்கும் சக்தியைக் கூட்டுகிறதா, செலவைக் குறைக்கிறதா என்பதையும் சேர்த்தெழுதுக. (iii) இல் உணவின் பெயருடன் அளவையும் குறிப்பிடுக. (iv) இல் உடலைச் சூடாக்கலும் தணித்தலும் விடுபட்டால் விடை முழுமையாகாது.

செயற்பாடு: இவ்வாரம் உங்கள் வீட்டில் நாளொன்றுக்குப் பயன்படும் சீனியையும் எண்ணெயையும் அளந்து, வீட்டாரின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் எண்ணை அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்தின் பின் மீண்டும் அளவுங்கள்.